ஒரு ‘இல்லீங்க’வுக்காகக் காத்திருந்தவளுக்கு

அம்மணி,

போன புதன்கிழமை சாயங்காலம், சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் காய்ச்சிய பால் வாசனைக்கு நடுவே நின்றுகொண்டு உன்னைத் தேடினேன். உடனே உன்னிடம் சொல்லியாக வேண்டிய ஒன்றைப் பார்த்துவிட்டேன். பழக்கதோஷத்தில் பக்கத்தில் திரும்பினால், யாரோ ஒரு பெரியவர் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். ஒரு அம்மா இரண்டு குழந்தைகளோடு பல்லடம் பஸ்ஸுக்காகக் காத்திருந்தாள். ஒரு பாலை வாங்கி இரண்டாகப் பங்கிட்டாள். எட்டு வயது மதிக்கத்தக்க பையனுக்கு ஒல்லியான கண்ணாடி டம்ளரில், ஐந்து வயதுக்காரிக்கு அகலமான டபராவில். சின்னவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“அண்ணனுக்குத்தான் எச்சா ஊத்தியிருக்கீங்க. எனக்குக் கம்மி.”

“ரெண்டும் ஒண்ணுதான் கண்ணு. குடி, பஸ்சு வந்துரும்.”

அவள் கேட்பதாயில்லை. கடைக்காரர் தொல்லை தாங்காமல் இன்னொரு ஒல்லி டம்ளரை நீட்டினார். அம்மா டபராவிலிருந்த பாலை அப்படியே அதில் ஊற்றினாள். பால் மேலே ஏறி நின்றது. சின்னவள் முகம் மலர்ந்துவிட்டது. “இப்பச் செரி” என்றாள். அண்ணன்காரன் தலையில் அடித்துக்கொண்டு, “அதே பாலுதான் புள்ளே” என்றான்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வருடா வருடம் இந்தப் பாடத்தைக் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறவள் நான். ஐந்து வயதுக் கண் உயரத்தை மட்டும்தான் பார்க்கும், அகலத்தைச் சேர்த்துப் பார்க்க இன்னும் சில வருடம் ஆகும், அதுவரை எத்தனை அதட்டினாலும் அந்தக் குழந்தைக்கு அது கம்மிதான் என்று சொல்லிக்கொடுக்கிறேன். நீயாக இருந்தால் அவள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, “இப்ப எப்புடிங்க கண்ணு எச்சாச்சு?” என்று விசாரித்து, அவர்களுடைய பஸ்ஸையும் நம்முடைய பஸ்ஸையும் சேர்த்துத் தவறவிட்டிருப்பாய்.

நான் அன்று டீக்கடைக்குப் போனதற்குப் பின்னால் ஒரு விஷயம் இருந்தது. என் மாணவி நந்தினி படிப்பை விட்டுப் போகிறேன் என்று சொல்லியிருந்தாள். உடுமலைப்பேட்டைப் பெண். அப்பா தேங்காய் மண்டி வைத்திருக்கிறார். பி.எட்.டில் கடைசிக் கட்டமான கற்பித்தல் பயிற்சிக்கு ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு விட்டிருந்தோம். பத்து நாளாக மறை எண்கள், அதாவது மைனஸ் கணக்கு, நடத்தினாள். ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் “புரிஞ்சுதுங்களா?” என்று கேட்டாள். வகுப்பே சேர்ந்து “புரிஞ்சுதுங்க டீச்சர்” என்றது. பிறகு பரீட்சை வைத்தாள். விடைத்தாள்களைத் திருத்தியவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அப்பாவுக்குப் போன் பண்ணிவிட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் அவர் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. ஒருமுறை பெட்டியோடு வீட்டுக்குத் திரும்பினால் மறுபடி அனுப்ப மாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மண்டிக் கணக்கும் மாப்பிள்ளைப் பேச்சும் அங்கே தயாராக இருந்தன.

புதன்கிழமை மத்தியானம் அவளை என் அறையில் உட்காரவைத்துப் பேசினேன். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியாததா? வளரிளம் பருவத்து மூளை எப்படி, தன்னம்பிக்கை எப்படி வரும், எனக்கே ஆரம்பத்தில் எப்படி உதறல் எடுத்தது என்று மூச்சுவிடாமல் பேசி முடித்து, “புரிஞ்சுதாம்மா?” என்றேன். “புரிஞ்சுதுங்க மேம்” என்றாள். சாதித்துவிட்ட நினைப்போடு சாயங்காலம் டீ குடிக்கப் போனேன்.

டீ பாதி குடித்தபோதுதான் உறைத்தது. அந்தச் சின்னவளுக்குப் பால் கம்மி என்று பட்டது, வாய்விட்டுச் சொன்னாள். நந்தினி எனக்கு என்ன சொன்னாள்? உன் குரல் கடைசி பெஞ்சிலிருந்து கேட்டது.

அந்தக் கடைசி பெஞ்சு உனக்கு நினைவிருக்கும். நாம் இருவரும் ஒருவரையொருவர் ‘அம்மணி’ என்று கூப்பிட்டுக்கொண்டு பி.எட். படித்தபோது இதே சிங்காநல்லூரில், குளத்துப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புக்குப் போனோம். நான் பின்னங்கள் நடத்தினேன், நீ பின்னால் உட்கார்ந்து கவனித்துக் குறிப்பெடுக்க வேண்டும். வண்ணக் காகிதத்தில் வட்டங்கள் வெட்டி ஒட்டி, நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கடைசியில் “புரிஞ்சுதுங்களா?” என்றதும் கூரை அதிர “புரிஞ்சுதுங்க டீச்சர்” வந்தது. வழிகாட்டி ஆசிரியை ‘மிக நன்று’ எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் மிதந்துகொண்டு வெளியே வந்தேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நீ ஒரு சிறுமியைக் கூப்பிட்டாய். இரட்டைச் சடை, முன்பல் பெரியது. பெயர் செல்வி. “கண்ணு, இங்க வாங்க. ஒரு தேங்கா பன்னு இருக்குது. மூணுல ஒரு பங்கு வேணுங்களா, நாலுல ஒரு பங்கு வேணுங்களா?”

“நாலுல ஒரு பங்குங்க.”

“ஏனுங்க?”

“நாலுதானுங்க பெருசு.”

என் வண்ணக் காகிதமெல்லாம் அந்த நிமிஷமே குப்பையாகிவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “அப்ப எதுக்குப் புரிஞ்சுதுன்னு கத்துனாங்க?” என்று உன்னிடம் எரிந்து விழுந்தேன். நீ டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னாய்: “அவங்க புரிஞ்சுதுன்னு சொல்லலை அம்மணி. உனக்கு மரியாதை செஞ்சாங்க.”

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் உன்னோடு பேசவில்லை. ஆனைமலைப் பக்கம் உன் அப்பா தோப்பு வேலை செய்தவர் என்று எனக்கு அதுவரை தெரியும், அவ்வளவுதான். பஸ்ஸில்தான் மிச்சத்தைச் சொன்னாய். தோப்புக்காரர் புதிதாகக் குழாய் போட்டு, எந்த வால்வை எப்போது திறப்பது என்று கடகடவென்று சொல்லிவிட்டு, “புரிஞ்சுதாடா?” என்று கேட்பார். உன் அப்பா “செரிங்க” என்பார். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், “என்னவோ சொன்னாரு, ஒண்ணும் பிடிபடலை” என்பார். ஒருநாள் தப்பான வால்வைத் திறந்து நாற்றுகள் முழுக்க மூழ்கிப்போய், ஊர் பார்க்கத் திட்டு வாங்கினார். “திருப்பிக் கேட்டிருக்கலாமில்லீங்கப்பா?” என்று நீ கேட்டதற்கு, “எப்புடிக் கண்ணு கேக்கறது?” என்றாராம்.

“எங்கப்பனை அந்தத் தோப்புல யாரும் ‘வாங்க’ன்னு கூப்புட்டதில்லை அம்மணி. ‘ங்க’ எல்லாம் இங்கிருந்து அங்க போறதுதான், அங்கிருந்து திரும்பி வராது” என்று நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசி, அப்பாவின் ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் எனக்கு ‘வாங்க பாப்பா’ சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்தச் சொல் யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்று அதற்குமுன் யோசித்ததே இல்லை. ஒன்றாம் வகுப்புக் குழந்தையைக்கூட நீ ஏன் ‘வாங்க, உக்காருங்க’ என்று கூப்பிடுகிறாய் என்பது அன்றுதான் தெரிந்தது. அதை உன் கொஞ்சல் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் நீ பேக்கரியில் தேங்காய் பன் வாங்கிக்கொண்டு வந்தாய். செல்வி கேட்டபடி அவளுக்கு நாலில் ஒரு பங்கு. பக்கத்திலிருந்த பெண்ணுக்கு மூன்றில் ஒன்று. செல்வி தன் துண்டையும் பக்கத்துத் துண்டையும் பார்த்த பார்வையை நான் மறக்கவே மாட்டேன். கொஞ்ச நேரம் மெல்லாமலேயே நின்றாள். அப்புறம், “பங்கு எச்சாக எச்சாகத் துண்டு சிறுசாகுதுங்க” என்றாள். என் காகித வட்டம் சொன்னதும் அதேதான். ஆனால் அவள் பன்னை இழந்து, தானே கண்டுபிடித்தாள். “முன்னாடி சொன்னதும் முட்டாத்தனம் இல்லை அம்மணி. நாலு மூணை விடப் பெருசுன்னு அதுக்குத் தெரியும். தெரிஞ்சதை வெச்சுத்தானே யோசிக்கும்?” என்று என்னிடம் சொன்னாய். குழந்தையின் தப்பான விடைக்குள் ஒரு சரியான யோசனை ஒளிந்திருக்கும், அதைத் தேடு என்று இன்று நான் வகுப்பில் சொல்வதெல்லாம் அந்தப் பன்னிலிருந்து பிய்த்ததுதான்.

அதோடு நீ விட்டுவிடவில்லை. வேண்டுமென்றே கரும்பலகையில் தப்பாக எழுதிவிட்டுக் காத்திருக்க ஆரம்பித்தாய். முதல் நாள் வகுப்பு முழுக்க ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, அந்தத் தப்பை அப்படியே அழகாக எழுதிக்கொண்டது. அடுத்த நாளும் அதே கதை. டீச்சர் எழுதினால் தப்பாக இருக்காது, இருந்தாலும் சொல்லக்கூடாது என்று வீட்டில் சொல்லி வளர்த்த நல்ல பிள்ளைகள். உனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நான் நினைத்தேன். வழிகாட்டி ஆசிரியையும் அப்படித்தான் நினைத்தார், மதிப்பெண்ணிலும் கைவைத்தார். கடைசி வாரத்தில் ஒருநாள் செல்வி பாதி எழுந்து, பாதி உட்கார்ந்து, பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, “இல்லீங்க டீச்சர்… அது தப்புங்க” என்றாள். காது வரைக்கும் சிவந்துபோனாள். நீ சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, “நெம்ப நன்றிங்க கண்ணு” என்று கும்பிட்டாய். வகுப்பே சிரித்தது. அன்று விடுதிக்கு வந்து, முதல் பிரசவம் பார்த்த நர்சு மாதிரி அறை அறையாகப் போய் சொல்லிக்கொண்டிருந்தாய்.

பிறகு நீ உடுமலைப் பக்கம் உயர்நிலைப் பள்ளிக்குப் போனாய். நான் பாடம் நடத்துவதைவிடப் பாடம் நடத்துவது எப்படி என்று நடத்துவது எளிது என்று கண்டுகொண்டு கல்லூரிக்கு வந்துவிட்டேன். ஒருமுறை உன் பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு வந்திருந்தேன். மில்லில் ஷிப்டு முடித்து நேராக வந்த ஒரு அம்மா, ஒன்பதாவது படிக்கும் மகளைப் பற்றிப் பொரிந்து தள்ளினார். “எது சொன்னாலும் எதுத்துப் பேசுதுங்க. கண்ணாடி முன்னாடியே நிக்குதுங்க. காலையில எழுப்பறதுக்குள்ள என் உசுரு போவுதுங்க. அஞ்சாவது வரைக்கும் வாயே தொறக்காதுங்க.”

நீ சிரித்துக்கொண்டே, “அஞ்சு வயசுலிருந்து சொல்லாம வெச்ச ‘இல்லீங்க’ எல்லாம் இப்ப ஒட்டுக்கா வருதுங்க. கெட்டுப்போகலீங்க, வளருதுங்க. அவங்களுக்குத் தூக்கம் வர்ற நேரமே இந்த வயசுல மாறிப்போகுமுங்க. கூட்டாளிங்க சிரிச்சுருவாங்களோன்னு பயம் வேற” என்றாய். அந்த அம்மாவுக்குப் பாதிதான் சமாதானம். ஆனாலும் போகும்போது மகளின் சடையைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

அந்த ஆஸ்பத்திரி நாளை எழுதாமல் கடக்கலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை. மருத்துவர் உன் ஸ்கேன் படங்களை விளக்கில் வைத்து, இனி என்னென்ன செய்யப் போகிறோம் என்று சொல்லி முடித்து, “புரிஞ்சுதுங்களா?” என்று கேட்டார். நான், இத்தனை படித்தவள், சட்டென்று “செரிங்க டாக்டர்” என்றேன். நீ தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, “புரியலீங்க டாக்டர். முதல்லிருந்து சொல்லுங்க” என்றாய். அவர் ஒரு நொடி திகைத்தார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு தாளில் படம் வரைந்து, மெதுவாகச் சொன்னார். உனக்குச் சாதகமாக அதில் அதிகம் இல்லை என்பது அப்போதுதான் எனக்கும் விளங்கியது. வெளியே வந்து நான் அழுதேன். உள்ளே நீ அவரிடம், “நல்லா நடத்துனீங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாய்.

டீக்கடையில் நின்றபோது இதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. வியாழக்கிழமை நந்தினியை மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். “நேத்து நான் சொன்னதுல எது உங்களுக்குத் தப்பாப் பட்டுது?” கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அது எனக்கு எத்தனை பெரிய வேலை என்று உனக்குத் தெரியும். மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு பியூன் வந்து போனார். மேசை விரிப்பின் நூலை அவள் பிரித்துக்கொண்டே இருந்தாள். 

“இல்லீங்க மேம்” என்றாள் கடைசியில். “எனக்குத் தன்னம்பிக்கை இல்லைன்னு சொன்னீங்க. அது இல்லீங்க. பாடம் எனக்கு நல்லாத் தெரியுமுங்க. அந்தப் புள்ளைங்க என்னை நோகடிக்கக் கூடாதுன்னு புரிஞ்சுதுன்னு சொன்னாங்க. நான் அதை நம்பிப் பரீட்சை வெச்சு, சைபர் போட்டு, எல்லாரையும் அழ வெச்சுட்டேனுங்க. அவங்க மூஞ்சியில எப்புடிங்க மேம் முழிப்பேன்?”

 அரைமணி நேரம் நான் மருந்து கொடுத்தது வேறு யாருடைய நோய்க்கோ. இந்தப் பெண் ஓடப் பார்த்தது வகுப்பைப் பிடிக்காமல் அல்ல, பிடித்துப்போனதால். அப்போதுதான் அவளிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். செல்வியை, பன்னை, தோப்பு வால்வை. அதிகம் சொல்லவில்லை, நம்பு. அவள் எழுந்து, “நாளைக்கு ஒரு வகுப்பு எடுத்துட்டுப் போறேனுங்க மேம். மன்னிப்பாவது கேட்டுட்டுப் போறேன்” என்றாள்.

வெள்ளிக்கிழமை அவள் பெட்டியைப் பள்ளி வராந்தாவில் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் வகுப்புக்குள் போனாள். அப்பா சீக்கிரமே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் எனக்கென்று ஒரு பை இளநீர். “ஏனுங்க, புள்ளைக்கு என்னாச்சுங்க? போன்ல அழுகைதான் கேட்டுது” என்றார். “சித்த இருங்க, வகுப்புல இருக்காங்க” என்று சொல்லி அவரையும் ஜன்னலோரம் நிறுத்தினேன்.

உள்ளே அவள், “நான் கேட்ட கேள்விதான் தப்புங்க. உங்க மேல தப்பே இல்லீங்க. அந்தச் சைபரெல்லாம் எனக்கு நானே போட்டுக்கிட்டது” என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு கரும்பலகையில் −7 பெரியது, −3 சிறியது என்று எழுதினாள். “இது செரியா தப்பான்னு எங்கிட்டச் சொல்ல வேண்டாங்க. முதல்ல பக்கத்துல இருக்கறவங்க காதுல சொல்லுங்க.” இது நான் சொல்லிக்கொடுத்ததல்ல, நீயும் செய்ததில்லை. பன்னிரண்டு வயதில் டீச்சரைவிடப் பக்கத்துப் பெஞ்சுதான் பயம் என்று அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள். வகுப்பு முழுக்கக் குசுகுசுவென்று ஆனது. காதில் சொன்னது செல்லுபடியானதும் சிலர் முகத்தில் தைரியம் வந்தது.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

“இல்லீங்க டீச்சர். எங்க கெணத்துல மூணடி கீழ நிக்கறவரும் ஏழடி கீழ நிக்கறவரும் இருந்தா, மூணடிக்காரருதானுங்க மேல இருக்காரு. அப்பறம் எப்புடிங்க ஏழு பெருசாகும்?”

ஜன்னலுக்கு வெளியே மண்டிக்காரர், “அந்தப் புள்ளை சொல்றது செரிதானுங்களே” என்று என்னிடம் முணுமுணுத்தார். உடனே சந்தேகம் வந்து, “ஆனா டீச்சரையே எதுத்துப் பேசுதுங்களே?” என்றார்.

“அதைப் பேச வெக்கத்தானுங்க உங்க பொண்ணு இவ்வளவு பாடுபட்டாங்க.”

அவர் மகளைப் பார்த்தார். அவள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பெண்ணைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் சொன்ன கதையிலிருந்து அதை மட்டும் எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. அவர் குனிந்து வராந்தாவிலிருந்த பெட்டியைத் தூக்கினார். “விடுதி எந்தப் பக்கமுங்க? இதை அங்க வெச்சுப்போட்டு நான் கிளம்பறேனுங்க. புள்ளை கேட்டா, அப்பா வந்துட்டுப் போனாருன்னு மட்டும் சொல்லுங்க” என்றார்.

உனக்கு வாரக்கணக்கில் ஆனது அவளுக்கு ஒரே நாளில் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. வகுப்பு முடிந்து வந்தவளிடம் இளநீர் பையைக் காட்டி, அப்பா சொன்னதைச் சொன்னேன். பெட்டியைத் தேடினாள். விஷயம் தெரிந்ததும் படியில் உட்கார்ந்து சிரித்தாள், அழுதாள், மறுபடி வகுப்புக்கு மணியடித்ததும் எழுந்து ஓடினாள்.

நான் இனி வகுப்பு முடிவில் அந்த ‘புரிஞ்சுதா?’ கேள்வியைக் கேட்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். இரண்டு நாளாகத் தாக்குப்பிடித்திருக்கிறேன். உன் மாதிரிக் காத்திருக்க இன்னும் வரவில்லை, நாக்கு அரிக்கிறது. ஆனாலும் ‘எது தப்பாப் பட்டுது?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிற அந்தச் சில நிமிஷங்களில் நீ கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாய். அதனால் எனக்கு அவை பிடித்துப்போய்விட்டன.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்ல வேண்டும். நீ போன பிறகு எத்தனையோ பேர் வந்து, காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும், நீ வலியில்லாமல் இருக்கிறாய், மனசைத் தேற்றிக்கொள் என்றெல்லாம் எனக்கு எடுத்துச் சொன்னார்கள். எல்லோரிடமும் “செரிங்க” என்றேன். மரியாதைக்குச் சொன்னேன் அம்மணி. எனக்கு இன்னும் புரியலீங்க.

உன் வகுப்பில் ஒரு குழந்தை துணிந்து இப்படிச் சொல்லிவிட்டால், நீ இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். “புரியலீங்களா? நெம்ப நல்லதுங்க. வாங்க, முதல்லிருந்து ஆரம்பிக்கலாம்.”

நாளைக்குக் காலையில் முதல் வகுப்பு எனக்குத்தான். இரண்டு ஒல்லி டம்ளரும் ஒரு டபராவும் எடுத்து வைத்துவிட்டேன்.